முதல் ஐந்து படங்கள்

திண்டிவனம்
8-6-1986

அன்புள்ள மாமாவுக்கு,

காந்திமதி எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எல்லாம் சுகம். அங்கே ஓட்டல் சாப்பாட்டில் உங்கள் வயிறு என்ன பாடுபடுகிறது என்று ஒளிக்காமல் எழுதவும்.

நேற்று உங்கள் தம்பி சுப்பராயலு விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். ரயில்வே டியூட்டி முடிந்து தூங்காமல்கூட நேராக இங்கே வந்திருக்கிறார். கையில் ஒரு பேப்பர் துண்டு. விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பரிசோதனைக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். கேமராவும் லென்சும் தெரிந்தவராக இருந்தால் நல்லதாம். "அண்ணி, இத்த வுட்டா அண்ணனுக்கு வேற சான்ஸே கெடையாது. நாப்பத்தஞ்சு தாண்டிட்டா அப்ளிகேஷனே வாங்க மாட்டானுங்க" என்றார். உங்களுக்குத் தை பிறந்தால் நாற்பத்தைந்து முடிகிறது. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

விண்ணப்பத்தை உடனே அனுப்புங்கள். இப்போதிருக்கும் இடத்திலிருந்து அனுபவச் சான்றிதழும், விடுவிக்கிறோம் என்ற கடிதமும் நவம்பர் முடிவதற்குள் கொடுக்க வேண்டுமாம். அதற்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. உங்கள் சீனுவாசன் சார் நம் அனந்தபுரத்துக்காரர்தானே. விழுப்புரம் ஸ்டூடியோவில் இருந்த உங்களை பெங்களூருக்கு அழைத்துப் போனவரே அவர்தான். அவரே திருப்பி அனுப்பட்டும்.

நான் அங்கே வர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வேலை வருஷத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு வாங்கும் வேலை. அதை நம்பி கிளியனூர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தால் இரண்டு பேரும் நடுத்தெருவில் நிற்போம். ஆறு வருஷமாக இதையே எழுதி எனக்கும் அலுத்துவிட்டது.

நம் கல்யாண நாளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். ரேடியம் வாட்ச், இருட்டிலும் மணி தெரியும். நீங்கள் எந்நேரமும் இருட்டறையில் கிடப்பதாகச் சொல்வீர்களே, அதனால். சுப்பராயலுவின் சினேகிதர் கொண்டுவருகிறார், கூடவே வறுத்த மல்லாட்டையும்.

எதிர்வீட்டு அம்மா, "ஒங்க ஊட்டுக்காரரு அங்க என்னதான் பண்றாரு?" என்று மறுபடி கேட்டார்கள். போட்டோ பிடிக்கிறார் என்றேன். "கல்யாணத்துக்கா?" என்றார்கள். என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
உங்கள் காந்திமதி

பி.கு. எனக்குக் கொஞ்சம் அசதி, வேறு ஒன்றுமில்லை.


பெங்களூர்
20-6-1986

அன்புள்ள காந்திமதிக்கு,

உன் கடிதமும் வாட்ச்சும் மல்லாட்டையும் நல்லபடியாக வந்து சேர்ந்தன. இங்கே விற்கும் வேர்க்கடலைக்கு நம் ஊர் மல்லாட்டை ருசி வராது. வயிறு நன்றாக இருக்கிறது. நீயும் மற்றவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ச்சைக் கட்டிக்கொண்டு விளக்கை அணைத்துப் பார்த்தேன். முள் பச்சையாக மின்னுகிறது. இவ்வளவு நல்ல பொருளை என் கையில் யாரும் கட்டியதில்லை.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். சார், "போவணும்னா போ அரங்கா, நான் தடுக்கல. ஆனா இந்த வருஷ ஷாட்ட முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார். முடித்துவிட்டால் அவரே சான்றிதழை எழுதித் தருவார்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு இப்படிச் சொல். செயற்கைக்கோள் வானத்தில் சுற்றும்போது மணல் அளவு தூசி வந்து மோதினாலும் ஓட்டை விழுந்துவிடும். அவ்வளவு வேகம். அதைத் தாங்க முன்னும் பின்னுமாக இரண்டு தகடு வைத்து ஒரு கவசம் செய்கிறார்கள். தாங்குமா என்று பார்க்க நாங்கள் பட்டாணி அளவு அலுமினிய உருண்டையை, நாற்பதடி நீளத் துப்பாக்கியில் வைத்துச் சுடுகிறோம். வினாடிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும். திண்டிவனத்தில் கிளம்பினால் விழுப்புரம் போய்ச்சேர எட்டு வினாடி.

அது தகட்டில் மோதுவதைப் படம் பிடிப்பது என் வேலை. கேமராவுக்குள் சுண்டுவிரல் அளவு கண்ணாடி ஒன்று காற்றழுத்தத்தில் சுழலும். அது சுழலச் சுழல, வளைத்து வைத்த ஃபிலிமில் வரிசையாக இருபத்தைந்து படம் விழும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முதல் ஐந்து படத்தில் உருண்டை தகட்டை நோக்கி வரும் நிழல், ஆறாவதில் மோதல், அப்புறம் தூள். அந்த ஃபிலிமை முழு இருட்டில் கையால் தடவித் தடவித்தான் பொருத்த வேண்டும். துளி வெளிச்சம் புகுந்தாலும் போச்சு. ஒரு ஷாட்டுக்கு இரண்டு மூன்று மாத ஏற்பாடு. இங்கே அந்தக் கை எனக்குத்தான் இருக்கிறது என்கிறார்கள். அதனால்தான் லீவு கிடைப்பது பெரும்பாடு.

அடுத்த மாதம் வருகிறேன்.

அன்புடன்,
அரங்கநாதன்


திண்டிவனம்
3-8-1986

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஜூலை போய்விட்டது. ஆடிப்பெருக்கும் இன்றோடு போகிறது. நீங்கள் வரவில்லை என்பதை எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை, பாயில் ஒருத்திதான் படுக்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

எதிர்வீட்டு அம்மாவிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். "எட்டு செகண்டுல விழுப்புரமா? அப்ப ஒங்க ஊட்டுக்காரரு அதுலயே ஏறிக்கினு வந்துடலாமே" என்றார்கள். எனக்கு வந்த சிரிப்பில் வயிறு வலித்தது. அது சிரிப்பினால்தான் என்று நினைத்தேன். அப்புறமும் வலிக்கிறது. கிளியனூர் ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது, பஸ் போட்டுக் குலுக்குகிறது. இரண்டு நாள் லீவு போட்டேன்.

வாட்ச் சரியாக ஓடுகிறதா?

காந்திமதி


பெங்களூர்
17-8-1986

அன்புள்ள காந்திமதிக்கு,

நலம். உன் நலத்தை எழுது. வயிற்றுவலிக்கு ஓமத் தண்ணீர் குடித்துப் பார்.

எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஜூலை 22-ஆம் தேதி ஷாட் கெட்டுப்போய்விட்டது. துப்பாக்கி சரி, உருண்டை சரி, விளக்கு சரி. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒரே மூட்டம். பொருத்தும்போது வெளிச்சம் பட்டிருக்கிறது. என் கவனக்குறைவுதான். கேமராப் பதிவேட்டில் என் கையாலேயே அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு பேர் மூன்று மாதம் உழைத்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி முதலிலிருந்து ஏற்பாடு. இனி அக்டோபர் 14-ஆம் தேதிதான். அது நல்லபடியாக நடந்தால்தான் சார் சான்றிதழ் தருவார், எனக்கும் கேட்க வாய் வரும்.

வாட்ச் நன்றாக ஓடுகிறது. புதுசு, கீறல் விழுந்துவிடப் போகிறதே என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அசதியாக இருக்கிறது, காந்திமதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

செப்டம்பரில் கல்லூரி நேர்முகத்துக்கு வருவேன் அல்லவா, அப்போது பார்க்கலாம்.

அரங்கநாதன்


திண்டிவனம்
14-9-1986

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். நீங்கள் சுகமாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

புதன்கிழமை விழுப்புரம் வரைக்கும் வந்தீர்களாம். காலையில் நேர்முகம் முடிந்து, மதியம் திருவண்ணாமலை வழியாக பஸ் ஏறிவிட்டீர்களாம். இதை உங்கள் தம்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அண்ணன் மூஞ்சியே சரியில்ல அண்ணி. கண்ணெல்லாம் செவந்துபோயி கீது. ஒரு டீ குடிங்கன்னா நிக்கல. மிஷினாண்ட யாருமில்லன்னு சொல்லிக்கினே பஸ் ஏறிட்டாரு" என்றார். அவர் எனக்கு முகம் கொடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைத்து, அப்பளம் மட்டும் நீங்கள் வந்ததும் பொரிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் உங்கள் உருண்டைக்கு எட்டு வினாடி. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் உங்களிடம் இல்லை.

உங்களிடம் நேரில் ஒன்று பேச வேண்டும் என்று இருந்தேன். கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை. பரவாயில்லை, இப்போது அவசரம் ஒன்றுமில்லை.

உங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறதாம். கல்லூரி ஆபீசில் சுப்பராயலுவுக்குத் தெரிந்தவர் சொன்னாராம். இனி எல்லாம் அந்தச் சான்றிதழில் இருக்கிறது. ஆகையால் சோதனையை நல்லபடியாக முடியுங்கள். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

காந்திமதி


விழுப்புரம்
8-10-1986
(அஞ்சலட்டை)

அன்புள்ள மாமாவுக்கு. சுகம். சென்ற கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை மும்முரம் என்று நினைக்கிறேன். காலாண்டு விடுமுறைக்கு உங்கள் தம்பி வீட்டுக்கு வந்தவள் இன்னும் இங்கேயேதான் இருக்கிறேன். தம்பி பெண்சாதி சின்னபொண்ணு, போகவிட மாட்டேன் என்கிறாள். 14-ஆம் தேதி எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். நடுவில் லீவு கேட்டு அலைய வேண்டாம். கையெழுத்து கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். காந்திமதி.


பெங்களூர்
21-10-1986

அன்புள்ள காந்திமதிக்கு,

உன் கடிதமும் கார்டும் கிடைத்தன. செப்டம்பரில் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பதில் போடவில்லை. கண்ணாடியைச் சுழற்றும் பேரிங் அப்போது சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அது உண்மை. உன் முகத்தைப் பார்த்துவிட்டால் திரும்பிப் போக மனசு வராது என்பதும் உண்மை.

ஷாட் முடிந்தது. இருபத்தைந்து படமும் விழுந்திருக்கின்றன. ஊசி முனை அளவுகூட மூட்டமில்லை. ஈரம் காயாத ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு முறை எண்ணினேன். பின்தகடு ஓட்டையில்லாமல் தாங்கியிருந்தது. சோதனைக்கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். சார் அன்று சாயங்காலமே மேலிடத்துக்குத் தந்தி அடித்தார், கவசம் தாங்கிவிட்டது என்று. எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். ஆறு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி அளந்தேன். அந்த வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுத வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் சான்றிதழ்.

விடுமுறையில் சின்னபொண்ணு வீட்டில் நன்றாக ஓய்வெடுத்திருப்பாய். நல்லது.

அடுத்த மாதம் வருகிறேன்.

அரங்கநாதன்


திண்டிவனம்
12-11-1986

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். நான் திண்டிவனத்துக்கே திரும்பிவிட்டேன். ஒரே மழை. ஓடை நிரம்பி ரோட்டில் தண்ணீர் போகிறது. பள்ளிக்கு லீவை நீட்டியிருக்கிறேன்.

சோதனை ஜெயித்துவிட்டது, உங்கள் சார் சிரித்துவிட்டார், மைசூர்பாகும் கொடுத்துவிட்டார். அப்புறம் மூன்று வாரம் ஆயிற்றே, சான்றிதழ் எங்கே? கல்லூரியில் சுப்பராயலுவைக் கூப்பிட்டே கேட்டுவிட்டார்கள், "ஒங்க அண்ணன் வர்றாரா இல்லியா? முப்பதாந்தேதிக்கு மேல காத்துக்கினு இருக்க முடியாதுங்க" என்று. அவர் டியூட்டிக்கும் கல்லூரிக்கும் அலைந்தே கால் தேய்கிறார்.

உங்களுக்கு எதிலோ தயக்கம் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் முதல் பாதி ஓடுகிறது, மறுபாதி நொண்டுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை திருத்துகிறவளுக்கு இது தெரியாதா? இன்னும் ஏதோ காகிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்றால் போட்டுவிட்டு வாருங்கள். ஒரு கையெழுத்துதானே, மாமா.

எனக்கு இனி முடியாது. இதை நான் விளையாட்டுக்கு எழுதவில்லை.

காந்திமதி


பெங்களூர்
24-11-1986

அன்புள்ள காந்திமதிக்கு,

இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சுகமாகத்தான் இருக்கிறேன், பயப்படாதே.

உன்னிடம் சொல்லாமல் வைத்தது இரண்டு. முதலாவது, ஜூலையில் ஃபிலிம் கெட்டது உன் வாட்ச்சினால். அதைக் கழற்ற மறந்து இருட்டறைக்குள் போய்விட்டேன். கால் மணி நேரம் ஃபிலிமின்மேலேயே கை இருந்தது. அந்த ரேடியம் வெளிச்சமே போதும், துளி ஒளி பட்டாலும் பதிந்துவிடும் ஃபிலிம் அது. இருட்டறையில் முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லும் முதல் பாடம் அது. இருபது வருஷம் இருட்டறையில் இருந்தவன் செய்கிற தப்பா? நீ வாங்கிக் கொடுத்ததைக் கழற்ற மனசில்லாமல் அந்த மாதம் முழுக்கக் கட்டியிருந்தேன். பழகிப்போய் மறந்துவிட்டது. நீ வருத்தப்படுவாய் என்று எழுதவில்லை.

இரண்டாவது, அக்டோபர் படங்கள். பெரிதாக்கிப் பார்த்தபோது முதல் படத்திலேயே நிழல் ஒன்றாக இல்லை, இரண்டாக இருந்தது. ஐந்தாவது வரைக்கும் அப்படித்தான். உருண்டை துப்பாக்கியை விட்டு வரும்போதே உடைந்துவிட்டது. தகட்டில் மோதியது முழு உருண்டை இல்லை, உடைசல். உடைசலைத் தாங்கியதால் கவசம் நல்ல கவசம் ஆகிவிடாது. அதை நம்பி மேலே அனுப்பினால் ஒரு நாள் முழுசாகவே வந்து மோதும்.

சாரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அரங்கா, மொதல் அஞ்சு படத்துல வெளிச்சம் பூந்து கெட்டுப்போச்சுன்னு பதிவேட்டுல எழுதிடு. ஜூலைல வாட்ச்ச கட்டிக்கினு போயி கெடுத்தேன்னு நீயேதான எழுதின? இன்னொரு வாட்டி எழுதினா யாரு கேக்கப் போறாங்க?" என்றார்.

"சார், அப்ப வாட்ச் கட்டியிருந்தேங்க. இந்த வாட்டி கட்டலீங்களே" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "பதினோரு பேரு பொழப்புடா. தந்தி குடுத்தாச்சு. இப்பப் போயி ஒண்ணும் ஆவலன்னு சொன்னா மார்ச்சோட கூடத்த மூடிருவாங்க. அப்புறம் இந்த வயசுல நான் எவன்கிட்டப் போயி நிக்கிறது? ஒன் சர்ட்டிபிகேட்டு டைப் அடிச்சு ரெடியா கீது. நீ எழுதிட்டு வா, கையெழுத்து போட்டுத் தர்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் கூட்டிவந்து ஆளாக்கியவர். ஒரு மாதமாக அந்தப் பதிவேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று எழுதிவிடுவது என்றே பேனாவை எடுத்தேன். என் கை தப்பே செய்யாத ஒரு நாளில் தப்புச் செய்தது என்று எழுத வரவில்லை. அந்த ஐந்து படமும் அவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கின்றன, காந்திமதி.

நான் எழுதவில்லை. சான்றிதழ் வராது. விழுப்புரம் வேலை இல்லை. நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

எப்படியாவது லீவு வாங்கி அடுத்த மாதம் வருகிறேன்.

அரங்கநாதன்


திண்டிவனம்
21-12-1986

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். கல்லூரியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

சுகம் என்று இந்த முறை எழுதப்போவதில்லை. ஜூன் மாதத்திலிருந்து நான் சுகமாக இல்லை. கருப்பையில் கட்டி. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பாடம் நடத்தும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அக்டோபர் மூன்றாம் தேதி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கருப்பையை எடுத்துவிட்டார்கள். அந்தக் கார்டை வார்டில் படுத்துக்கொண்டுதான் எழுதினேன். படுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்றும் அதிலேயே எழுதினேன். ஏன் படுத்திருக்கிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றாக ஓய்வெடுத்திருப்பாய் என்று எழுதினீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "ஊட்டுக்காரரு எங்கம்மா? ஜல்தியா வரச்சொல்லு, டாக்டர் ரெடியா இருக்காங்க" என்று நர்ஸ் அவசரப்படுத்தினாள். சுப்பராயலு, "அண்ணன் வெளியூர்ல இருக்காருங்க, தம்பி போட்டா ஆவாதுங்களா?" என்று கெஞ்சிக்கொண்டு நின்றார். கடைசியில் அவர்தான் போட்டார். போட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதார் என்று சின்னபொண்ணு அப்புறம் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. நமக்கு இனிக் குழந்தை கிடையாது என்பதை மயக்கம் தெளிந்து நான் தனியாகத் தெரிந்துகொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பீர்கள். நீங்கள் ஓடி வந்தால் சோதனை தள்ளிப்போகும். சோதனை தள்ளினால் சான்றிதழ் தள்ளிப்போகும். சான்றிதழ் தள்ளினால் நீங்கள் வரவே மாட்டீர்கள். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் சுகம், சுகம் என்று எழுதினேன். அந்த ஷாட்டுக்கு நானும் என் பங்கைக் கொடுத்திருக்கிறேன், மாமா.

நீங்கள் பொய் எழுதாதது தப்பென்று சொல்ல மாட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். எழுதியிருந்தால், வந்து சேர்ந்த உங்களை நானே ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பேன். ஆனால் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகத் தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். ஆறு வருஷக் கடிதங்கள். இருபத்தேழு கடிதத்தில் 'அடுத்த மாதம் வருகிறேன்' என்று இருக்கிறது. ஒரு பதிவேட்டில் ஒரு வரி பொய் எழுதக் கை வராத மனுஷருக்கு, எனக்கு எழுதும்போது மட்டும் இருபத்தேழு தடவை எப்படிக் கை வந்தது?

நானும் யோக்கியம் இல்லை. நானும் சுகம் என்று எழுதியவள்தான்.

வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வரியை மட்டும் இனி எழுதாதீர்கள்.

காந்திமதி


பெங்களூர்
26-12-1986

காந்திமதி,

நேற்று முன்தினம் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அழுதேன். வெளியே வந்தபோது கூடத்துப் பையன்கள் நான் ஃபிலிம் மாட்டுகிறேன் என்று நினைத்துச் சத்தம் போடாமல் நின்றிருந்தார்கள்.

உன் கேள்விக்குப் பதில் யோசித்தேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும் நிஜமாகவே வருவேன் என்றுதான் நினைத்தேன். இது பதிலாகாது என்று எனக்கே தெரிகிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்ற வரியை நான் படித்தேன். படித்துவிட்டு, பெங்களூரில் மழை வருமா, ஷாட்டுக்கு ஈரம் ஆகாதே என்று யோசித்தேன். நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது என்னால்தான். அந்தப் பேப்பரில் தம்பி போட்ட கையெழுத்து நான் போட்டிருக்க வேண்டியது. இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

அன்றே பதிவேட்டில் எழுதினேன். 'படம் 1 முதல் 5 வரை தெளிவு. உருண்டை மோதுமுன்பே இரண்டாக உடைந்துள்ளது.' கையெழுத்துப் போட்டு சார் மேஜையில் வைத்தேன். கூடவே என் ராஜினாமாவையும் வைத்தேன். அவர் இரண்டையும் படித்தார். "சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தன் டிபன் கேரியரைத் திறந்து பாதி எலுமிச்சம் சாதத்தை எனக்கு வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் அந்தப் பக்கத்தை மேலே அனுப்புவாரா, கிழிப்பாரா என்று தெரியாது. கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆக எனக்கு இப்போது வேலை இல்லை. சான்றிதழும் இல்லை. நாற்பத்தைந்து வயசில் எந்த ஸ்டூடியோவில் போய் நிற்பேனோ, தெரியாது. வெறுங்கையோடு வருகிறவனை நீ வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை. ஆனாலும் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜனவரி 7, புதன்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாண்டிச்சேரி பஸ்ஸில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு. தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

அரங்கநாதன்


திண்டிவனம்
30-12-1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் கிடைத்தது. தம்பி வீட்டுக்கு எல்லாம் போக வேண்டாம். அந்த மனுஷர் நமக்காக அலைந்தது போதும்.

என் கோபம் தீரவில்லை. நீங்கள் வந்தாலும் உடனே தீராது. ஒரு நாள் சத்தம் போடுவேன், ஒரு நாள் பேசாமல் இருப்பேன். வேலையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். நான் பொங்கலுக்கு அப்புறம் பள்ளிக்குப் போகிறேன், ஒருத்தர் வேலையில் இருந்தால் போதும், கஞ்சி குடிக்கலாம்.

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். தையல் ஆறுவதற்கு நாளாகிவிட்டது, இன்னும் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்கள். அதனால் உங்கள் பெட்டியை நீங்களேதான் தூக்கிக்கொள்ள வேண்டும். ரிக்‌ஷா வேண்டாம், மேட்டில் ஏறினால் குலுக்குகிறது. வீடு வரைக்கும் நடந்தே போய்விடலாம். நான் இப்போதெல்லாம் நின்று நின்றுதான் நடக்கிறேன். பழக்கத்தில் முன்னால் போய்விடாதீர்கள். என் நடைக்கு நடந்து வாருங்கள்.

காந்திமதி